புலிக்குப் பூசை கிடையாது

தூத்துக்குடி,
6-3-1974

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

தங்கை பிளாரன்ஸ் அநேக ஸ்தோத்திரங்களுடன் எழுதிக்கொண்டது. நேற்று மதியம் சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. அத்தானை அடக்கம் பண்ணின பிறகு அந்த வீட்டில் உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்ததுதான் மனதை அறுக்கிறது. பக்கத்து வீட்டு வடிவம்மாள் ராத்திரி துணைக்கு வந்து படுக்கிறாளா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி.

இன்று காலை மீன்காரி இசபெல்லா வந்தாள். திரேஸ்புரம் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் உன்னிடம் படித்தவள்தான். கூடையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தானுக்காக அழுகிறாள் என்று நானும் அழுதேன். இரண்டு பேரும் ஆசை தீர அழுது, மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து முடித்த பிறகு அவள் சொல்கிறாள்: "எங்க கையப் புடிச்சி எழுத வச்ச மகராசில்லா! போன சனிக்கிழமை கோயில்ல டீச்சருக்கு முப்பதாம் நாள் பூசை வச்சோம்மா. ஒரு வள்ளம் கடலுக்குப் போவல."

அக்கா, நான் அத்தானுக்கு அழுதிருக்கிறேன். அவள் உனக்கு அழுதிருக்கிறாள்.

நடந்தது இதுதான். உன் பழைய மாணவன் ரோச், இப்போது சொந்த வள்ளம் வைத்திருப்பவன், கருவாட்டு மூட்டையோடு நாசரேத் சந்தைக்கு வந்திருக்கிறான். உன் வீட்டு வாசலில் கூட்டம், பாட்டு, மூடின பெட்டி. யாரோ "டீச்சர் வீட்டுல சாவு" என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் வீடு என்றால் டீச்சரைத் தவிர வேறு யாரை அவன் நினைப்பான்? கருவாட்டு வாடையோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டி போகிறவரை வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான்.

நீ கேட்பாய், உடனே உண்மையைச் சொன்னாயா என்று. சொல்லவில்லை. அவள் அவ்வளவு பெருமையாகப் பூசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன்னை உயிர்ப்பிக்க எனக்கு வாய் வரவில்லை.

கோபிக்காதே. பதில் போடு.

உன் தங்கை,
பிளாரன்ஸ்


நாசரேத்,
11-3-1974

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

ஞானபாய் அக்கா எழுதுவது. தேவ கிருபையால் நான் இங்கே உயிரோடு சுகம். உயிரோடு என்பதை இனிமேல் தனியாக எழுத வேண்டும் போலிருக்கிறது. முழங்கால் வலிக்கிறது, அதுவே அத்தாட்சி.

ஒருத்தி சாகவில்லை என்று சொல்வதற்கு என்னடி கஷ்டம்? சின்ன வயதிலிருந்தே நீ கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

அதுவும் பூசையா! எனக்கா! செத்தவர்களுக்காக ஜெபிக்க வேதத்தில் இடமில்லை என்று அந்தக் கத்தோலிக்கக் கோயில் உபதேசியாரோடு நான் தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். அந்த மனுஷர் இன்னும் இருக்கிறாரா? இருந்தால், செத்தவர்கள் பாவம் தீரும்வரை கிடப்பதாக அவர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் என்னை உட்கார வைத்து, தன் ஜெபத்தால் தூக்கிவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நாளைக்கே திரேஸ்புரம் போய், நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வா.

மதுரைக்கு எழுதினால் உன் மகள் பேபிக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துதல்.

உன் அக்கா,
ஞானபாய்

பி.கு: பூசைக்கு ஆட்கள் நிறைய வந்தார்களா? என்னைப் பற்றி யாராவது பேசினார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


தூத்துக்குடி,
19-3-1974

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே வெயிலைத் தவிர எல்லாம் சௌக்கியம். உப்பளத்துக்காரர்கள் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

பின்குறிப்புக்கு முதலில் பதில். கோயில் கொள்ளாமல் வெளியே மணலிலும் நின்றார்களாம். பங்குச் சாமியார் ஊருக்குப் புதிது, உன்னைத் தெரியாது. அதனால் பூசை முடிந்ததும் ரோச்சையே பேசச் சொல்லியிருக்கிறார். அவன் எனக்கும் ஒருமுறை பேசிக் காட்டினான்.

நீ ரிட்டயராகிறதற்கு முன்னால் முத்துக்குளிப்பு நடந்ததே, அதைத்தான் சொன்னான். பிள்ளைகள் எல்லாம் கரைக்கு ஓடிவிட, நீ கரும்பலகையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கே போய்விட்டாயாம். "சிப்பியக் குமிச்சி வச்சி, சர்க்காருக்கு ரெண்டு பங்கு, குளியாளுக்கு ஒரு பங்குன்னு அங்கனயே பின்னக் கணக்கு நடத்தினாவ. அன்னையிலேருந்து பங்குல எங்கள ஒருத்தனும் ஏய்க்க முடியல" என்றான். இசபெல்லா சும்மா இருப்பாளா? திங்கள்கிழமை தோறும் பள்ளிக்கூட வாசலில் நீ பேன்சீப்போடு நின்றதையும், பேன் விழுந்தால் தாய்க்காரியைக் கூப்பிட்டு விட்டதையும் சொல்லிச் சிரித்து, உடனே அழுதாள். "டீச்சர் அடிச்சா அழுவோம். அடிக்காம ஒரு பார்வ பாத்தாவன்னா அதுக்கு ரெட்டிப்பா அழுவோம்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அவள் சாகவில்லை" என்று நீயாக இருந்தால் சொல்வாயா?

இன்னொரு சங்கதி. அவர்களுக்கு இப்போது அத்தானைப் பற்றித்தான் கவலை. "அய்யா பாவம், தனியா என்ன செய்தாவளோ! கஞ்சி யாரு காய்ச்சிக் குடுக்கா?" என்று கேட்கிறார்கள். ரோச், "நாங்க ஒருநா போயி அய்யாவப் பாத்துட்டு வாரோம்" என்றான். நான் "ம்" என்று சொல்லிவிட்டேன். அந்த "ம்"முக்காக என்னை மன்னித்துவிடு.

பிளாரன்ஸ்


நாசரேத்,
2-5-1974

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. பதில் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை. புளி உடைத்து முடிந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. உயிர்த்தெழுந்த பண்டிகை ஆராதனைக்குப் போனேன், பிரசங்கம் நீளம்.

அவருடைய சாய்வு நாற்காலியின் பிரம்பு அறுந்து கிடக்கிறது. வடிவம்மாள் பின்னக் கொடுக்கவா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

அவர்களை இங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிடு. யாரைப் பார்க்க வருகிறார்கள்? அவருக்கு அந்த ஊர் ஒருநாளும் பிடித்ததில்லை. பண்டகசாலை வேலை முடிந்ததும் என்னைக் கூட்டிப்போகக் கரைக்கு வருவார். நானோ பிள்ளைகளை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருப்பேன். அந்த மீன் வாடையில் பொழுது சாயும்வரை காத்துக் கிடப்பார். வீட்டுக்கு வந்தால் என் சேலையில்கூட வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்துவார். எனக்காகச் சகித்துக்கொண்டார். என் ஆயுசைப் பற்றிக் கோயிலில் எழுந்து நின்று பேசினார்களே, அவர் ஆயுசைப் பற்றி யார் பேசினார்கள்? அது பள்ளிக்கூட வாசலில் நின்றே தீர்ந்துபோயிற்று. இதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை, பிளாரன்ஸ்.

வேறு விசேஷமில்லை.

ஞானபாய்


தூத்துக்குடி,
7-5-1974

அக்கா,

அவசரமாக இந்தக் கார்டு. உன் காகிதம் இன்று மத்தியானம்தான் கிடைத்தது. படித்துவிட்டு ஓடினேன். ரோச் கூட்டாளிகளோடு காலை பஸ்ஸிலேயே நாசரேத்துக்குப் புறப்பட்டுவிட்டானாம். இனி கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். கதவை மெதுவாகத் திற.

பிளாரன்ஸ்


நாசரேத்,
9-5-1974

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

வாழ்த்துதல். நான் சுகம், ரோச்சும் சுகம். அவனைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் சந்தேகமாக இருந்தது. உன் கார்டு எல்லாம் முடிந்த பிறகு வந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். கதவைத் திறந்தேன். ரோச், அவன் கூட்டாளி வளன், இன்னொருவன், துக்கம் கேட்கிற முகத்தோடு வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு கூடை சீலாக் கருவாடு. என்னைப் பார்த்ததும் ரோச் "சேசுவே!" என்று கத்திச் சிலுவை போட்டுக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் தெருவில் போய் நின்றார்கள். ஆழிக்கடலுக்குப் பயப்படாதவர்கள்!

ரோச் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். தரையில் படுகிறதா என்று.

"ஏலே ரோச்சு, பேய் மூக்குக்கண்ணாடி போடுமாலே? உள்ள வா" என்றேன். அந்தக் குரலுக்குத்தான் அசைந்தான்.

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். "அப்ப பூசை யாருக்கு டீச்சர்?" என்றான். பிறகு முகம் மாறி, "அய்யா எங்கன?" என்றான். நான் வெறுமையாகக் கிடந்த சாய்வு நாற்காலியைக் காட்டினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு, "புலி அய்யா போயிட்டாவளா!" என்று அழ ஆரம்பித்தான். எனக்கு அழுததை நான் பார்க்கவில்லை, ஆனால் இவ்வளவு அழுதிருக்க மாட்டான்.

எந்தப் புலி என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னான். கடலுக்குப் போக முடியாத கிழவர்கள் கரையில் உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்களாம். ஈர மணலில் கட்டம், சிப்பி ஓடு ஆடு, கல் புலி. அவரும் தினம் அவர்களோடு உட்காருவாராம். "எப்பவும் புலிதான் வேணும்பாவ டீச்சர். எப்பவும் கட்டுப்பட்டுப் போவாவ. ஆனா ஆட்டைக் கொடுத்தா வாங்க மாட்டாவ." அதிலிருந்து அந்தக் குப்பம் முழுக்க அவர் புலி அய்யாதான்.

இதைக் கேள். நான் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஆட்டம் பாதியில் இருக்குமாம். உடனே ஒரு பொடியனைக் கூப்பிட்டு, "டீச்சர்ட்ட இன்னும் ஒரு கணக்கு குடுக்கச் சொல்லுலே, புலி மாட்டிக்கிட்டு நிக்கு" என்று அனுப்புவாராம். அவன் வந்து "டீச்சர், இன்னும் ஒரு கணக்கு" என்று கேட்பான். என் பிள்ளைகளுக்குப் படிப்பில் எவ்வளவு தாகம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்! உன்னிடமும் சொல்லியிருக்கிறேன்.

மீன் வாடை பிடிக்காதவர், அங்கே சுடச்சுட வறுத்த நெத்திலியைத் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். மூக்கைப் பொத்தினது அத்தனையும் வேஷம். வாடை தன்மேல் அடிக்கிறது என்று எனக்குத் தெரியக்கூடாதே!

அடக்கத்துக்குப் பிறகு நான் அழவில்லை என்று நீ பயந்தாய். மூன்று மீன்பிடிக்காரர்கள் முன்னால் நான் அழுதேன், சிரித்தேன், திரும்ப அழுதேன். அவர் காத்துக் கிடக்கவில்லையடி. ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருக்கிறது.

மத்தியானம் அவர்களுக்குச் சோறு போட்டேன். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

உன் அக்கா,
ஞானபாய்


தூத்துக்குடி,
24-5-1974

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் காகிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தானை நினைத்துச் சிரித்ததில் காப்பி ஆறிப்போயிற்று.

இங்கே என் பாடு சொல்லி முடியாது. "உசிரோட இருக்கவியளுக்கு எங்கள அழ வச்சிட்டியளே, நல்லாருக்கா?" என்று இசபெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலு நாள் என் வாசலில் கூவாமல் போனாள். கத்தரிக்காயையே தின்று கிடந்தேன். பிறகு அவளே சிரித்துவிட்டாள். செத்ததாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்பார்களே, உனக்கு இனி நூறுதான் என்று திரேஸ்புரமே சொல்கிறது. உன் எதிராளி உபதேசியார் இன்னும் இருக்கிறார். அவர் சொன்னாராம்: "பூசை வீண் போவாது. டீச்சர் பேர்ல இருப்புல கெடக்கட்டும். போவும்போது எடுத்துக்கிடட்டும்."

இனி விஷயத்துக்கு வருகிறேன். அத்தானுக்கு ஒரு பூசை வைக்க வேண்டும் என்கிறார்கள். பூசைக்குப் பெயர் வேண்டும். புலி அய்யா என்பதைத் தவிர அங்கே ஒருவருக்கும் பெயர் தெரியாது. என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாதா? ஆனால் கட்டின பெண்டாட்டி நீ இருக்கும்போது நான் கொடுப்பது முறையில்லை. நீதான் கல்யாண நாளிலிருந்து அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. யாராவது கேட்டால் "எங்க வீட்ல அவிய" என்பாய்; ஆபீசில் கேட்டால் காகிதத்தை வாங்கி எழுதிக் காட்டுவாய். இப்போதும் எழுதினால் போதும். எழுதி அனுப்பு.

பிளாரன்ஸ்


நாசரேத்,
1-6-1974

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுது.

வேண்டாம். அவர் சபைக் கமிட்டியில் இருந்தவர். கர்த்தரிடம் போனவருக்கு நாம் சேர்க்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை என்று நம்பினவர். நானும் நம்புகிறேன். இங்கே நம் சபையார் காதுக்குப் போனால், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர்கள் பிரியத்துக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லிவிடு.

இன்னொன்று. நீ எழுதினதைப் படித்துப் பேனாவை எடுக்கத்தான் செய்தேன். இவ்வளவு காலம் வாயால் சொல்லாத பெயரை ஒரு இன்லண்டு லெட்டரில் மடித்து, முன்பின் தெரியாத சாமியாருக்கு அனுப்ப மனது வரவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

ஞானபாய்


தூத்துக்குடி,
29-7-1974

பிரியமான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இதை மட்டும் எழுதாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

பெயர் கிடைக்காமல் ரோச் சாமியாரிடம் போய், "புலி அய்யான்னே படிச்சிருங்க சாமி" என்றிருக்கிறான். அவர், "புலிக்குப் பூசை கிடையாதுப்பா. ஞானஸ்நானப் பெயர் கொண்டுவா" என்று அனுப்பிவிட்டார். இவன் விடாமல், பனிமய மாதா திருவிழா கழிந்து ஆகஸ்டு பதினேழு, சனிக்கிழமை காலைப் பூசைக்குச் சொல்லி வைத்திருக்கிறான். அதற்குள் பெயர் வந்தால் அத்தானுக்கு. வராவிட்டால் பொதுவில் எல்லா ஆத்துமாக்களுக்கும் போய்விடும். "வந்தா வரட்டும், வராட்டி டீச்சர் மனசு" என்கிறான்.

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த இங்கே இருக்கப்போவதும் இல்லை. பேத்திக்குத் தலைப்பிரசவம், பத்தாம் தேதி மதுரைக்குப் போகிறேன். சாவி இசபெல்லாவிடம் இருக்கும்.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி,
17-8-1974

அன்புள்ள பிளாரன்ஸுக்கு,

பேத்தியும் பிள்ளையும் சுகமா? ஆணா பெண்ணா? நான் சுகம். மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார். நீ இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தேன். நீ இருந்தால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இசபெல்லா சாவியைக் கொடுத்துவிட்டு, என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உன் அடுக்களையிலேயே மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. நல்ல பெண்.

காலையில் கோயிலுக்குப் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவோம், நமக்காகக் கடலை விட்டுவிட்டு நின்றவர்களுக்கு அந்த மரியாதையாவது செய்வோம் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். உபதேசியார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சிரிக்கவில்லை.

பூசை நடுவில் செத்தவர்களை நினைக்கிற இடம் வந்தது. சாமியார் நிறுத்தினார். பெயர் வரவில்லை. ரோச் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்கள், ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் எனக்குச் சங்கடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கிழவர்களில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், பிளாரன்ஸ். முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் தினம் தினம் தோற்கடித்தவர்கள். அவர்களுக்காவது தெரிய வேண்டாமா, யாரோடு ஆடினோம் என்று?

எழுந்து நின்றேன். வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. எனக்கு! ஒரு கத்து கத்தினால் கரையில் கேட்கிற தொண்டை எனக்கு. திரும்ப முயன்றேன். சொன்னேன்.

பொன்னுதுரை.

முன்னால் கேட்கவில்லை போல, சாமியார் காதைக் கொடுத்தார். மறுபடியும் சொன்னேன், இந்த முறை உரக்க. அவர் சொன்னார். பிறகு கோயிலே சொன்னது. அந்தக் கிழவர்களில் ஒருவர் பக்கத்தவரிடம், "பொன்னுதுரையாம்லே" என்று சொன்னது கடைசிவரை கேட்டது.

இது செத்தவருக்குச் செய்த ஜெபமா, வேதத்தில் இதற்கு இடம் உண்டா என்று என்னிடம் கேட்காதே. நான் பெயர்தான் சொன்னேன். நாசரேத்தில் கேட்டாலும் அதையே சொல்லுவேன்.

கோயிலிலிருந்து உன் வீடுவரை சொல்லிக்கொண்டே நடந்து வந்தேன். தெருவில் பார்த்தவர்கள் கிழவி பாட்டுப் படிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். எவ்வளவு நல்ல பெயர், பிளாரன்ஸ்! இத்தனை காலம் சொல்லாமல் வைத்திருந்ததால் கொஞ்சமும் தேயாமல் இருக்கிறது.

உன் அக்கா,
ஞானபாய் பொன்னுதுரை